சைலன்சரை மாற்றினால் வண்டி இழுக்குமா?

பண்ணாரியைத் தாண்டியதும் திம்பம் மலை தொடங்கிவிடும். மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவுகள். சத்தியமங்கலத்தில் உர மூட்டை ஏற்றிக்கொண்டு தாளவாடிக்குப் போகும் பிக்கப், முதல் சில வளைவுகளை மூன்றாவது கியரில் சமாளிக்கும். அப்புறம் இரண்டு. செங்குத்தான திருப்பங்களில் ஒன்று. ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தும் வேகம் ஏறாத அந்த நேரத்தில், வண்டியை யாரோ பின்னாலிருந்து பிடித்து வைத்திருப்பதுபோல் இருக்கும். சரக்கை இறக்கிவிட்டுக் கீழே வந்து பட்டறையில் புலம்பினால், "சைலன்சர்தாண்ணே அடைக்குது. ஃப்ரீ ஃப்ளோ போட்டுட்டா பிக்கப் வந்துரும்" என்பார்கள்.

பிக்கப் என்ற சொல்லை நாம் வண்டிக்கும் சொல்கிறோம், அது கிளம்பி இழுக்கும் வேகத்துக்கும் சொல்கிறோம். இந்த அத்தியாயம் இரண்டாவது பிக்கப்பைப் பற்றியது. விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல நிலையில் உள்ள டர்போ டீசல் பிக்கப்பில் சைலன்சரை மட்டும் மாற்றினால் கிடைப்பது ஒன்று, மிஞ்சினால் இரண்டு குதிரைத்திறன். ஓட்டுபவருக்கு அது தெரியாது. பழைய சைலன்சர் உண்மையிலேயே அடைத்திருந்தால் கதை வேறு. அப்போது இழந்தது அத்தனையும் திரும்பி வரும். பி.எஸ். 6 மாசு விதிப்படி வந்த வண்டியாக இருந்தால் சைலன்சர் பக்கமே போக வேண்டாம். ஏன் என்பதைத்தான் இனி விளக்கப் போகிறேன்.

புகை போகும் வழி

நம் பேச்சில் சைலன்சர் என்றால் இன்ஜினிலிருந்து வால்வரை உள்ள எல்லாமே. உள்ளபடி அது பல உறுப்புகள் சேர்ந்த வரிசை. சிலிண்டர் ஹெட்டை ஒட்டி வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு, அதில் உட்கார்ந்திருக்கும் டர்போ, அங்கிருந்து கீழே இறங்கும் பெண்டு பைப், இன்ஜினின் ஆட்டத்தைத் தாங்கும் ஃப்ளெக்சிபிள் பைப், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், சத்தத்தை அடக்கும் டப்பா, கடைசியில் டெயில் பைப். ஃப்ரீ ஃப்ளோ என்று விற்பது பெரும்பாலும் கடைசி இரண்டுக்கும் மாற்றுத்தான்.

இதன் வழியே எவ்வளவு புகை போகிறது என்று ஒரு கணக்குப் போடுவோம். நம்மூரில் அதிகம் ஓடும் வகை, 2.5 லிட்டர், நான்கு சிலிண்டர், 75 குதிரைத்திறன் டர்போ டீசல். 3000 சுற்றில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை காற்றிழுக்கும். ஆகவே நிமிடத்துக்கு 1500 தடவை 2.5 லிட்டர், அதாவது 3750 லிட்டர். டர்போ அதன்மேல் இன்னொரு பாதியைத் திணித்தால் சுமார் 5600 லிட்டர். எரிந்து வெளியே வரும்போது சூடு 450 டிகிரியைத் தாண்டியிருக்கும்; சூடான வாயு விரியும்; கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. ஆக, 14,000 லிட்டர். மொட்டை மாடியில் நிற்கும் 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டிகள் பதினான்கை ஒரு நிமிடத்தில் காலி செய்வதற்குச் சமம்.

இத்தனையும் இரண்டு அங்குலக் குழாயில் போனால் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 115 மீட்டர். இரண்டரை அங்குலமாக்கினால் 74 மீட்டர். அரை அங்குலம்தானே கூடியது என்று தோன்றும். குழாயின் வாய்ப்பரப்போ 56 சதவீதம் கூடிவிடுகிறது. வேகம் குறைந்தால் தடையும் குறையும், அதுவும் வேகத்தின் வர்க்கப்படி. இரண்டு அங்குலத்தில் இருந்த தடையில் நாற்பது சதவீதம்தான் இரண்டரையில் மிச்சம். பெரிய குழாய் போட்டால் புகை சுலபமாகப் போகும் என்று பட்டறைக்காரர் சொல்வது இதுவரைக்கும் சரி.

அந்தத் தடையை எதிர்த்துத் தள்ள இன்ஜின் எவ்வளவு சக்தியைச் செலவழிக்கிறது? அடைப்பில்லாத சைலன்சரில் முழு மிதியில் 10 கிலோபாஸ்கல் எதிரழுத்தம் இருப்பதாகக் கொள்வோம். அதாவது ஒரு பாரில் பத்தில் ஒரு பங்கு. 2.5 லிட்டர் புகையை இந்த அழுத்தத்துக்கு எதிராக வினாடிக்கு 25 தடவை வெளியே தள்ளுகிறோம். பெருக்கினால் 625 வாட். ஒரு குதிரைத்திறனுக்கும் குறைவு. டர்போவுக்குப் பின்னால் உள்ள அழுத்தம் அதற்கு முன்னால் இன்னும் பெரிதாகத் தெரியும் என்பதால் அதை இரட்டிப்பாக்கிக்கொள்ளலாம். அப்போதும் 75-ல் இரண்டைத் தொடவில்லை. இதுவும் எதிரழுத்தம் முழுவதையும் துடைத்தெறிந்தால்தான்; எந்தக் குழாயாலும் அது முடியாது.

இதன் பக்கத்தில் திம்பத்தை வைத்துப் பாருங்கள். நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் ஏற்றத்தில், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில், கூடுதலாக ஏற்றிய ஒரு டன் கேட்பது ஏறத்தாழ ஆறு குதிரைத்திறன். 1.3 டன்னுக்குப் பதிவான வண்டியில் இரண்டரை டன் ஏற்றுகிறோம். வாடகை கட்டுப்படியாகவில்லை, அதனால் ஏற்றுகிறோம். அந்த நெருக்கடி எனக்குத் தெரியும். ஆனாலும் வண்டியைப் பின்னால் பிடித்து இழுப்பது சைலன்சர் இல்லை, மூட்டைகள்தான் என்பதை ஓட்டுநர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பெரிய டயர் போட்டிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டயர் உயரம் பத்து சதவீதம் கூடினால் எல்லாக் கியரிலும் இழுவை ஏறத்தாழ அதே அளவுக்குக் குறைந்துவிடும்.

டீசலுக்கு ஒரு நியாயம், பெட்ரோலுக்கு ஒரு நியாயம்

ஃப்ரீ ஃப்ளோ நம்பிக்கை பிறந்த இடம் பெட்ரோல் இன்ஜின். அமெரிக்கப் பிக்கப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோர்டு எஃப்-150-ல் வரும் 5 லிட்டர் வி8, டர்போ இல்லாமலே 400 குதிரைத்திறனுக்குப் பக்கத்தில் தருவது. அங்கே சைலன்சரை மாற்றினால் சில குதிரைத்திறன் கூடும், சத்தம் கம்பீரமாகும். பெட்ரோல் இன்ஜினில் காற்றும் பெட்ரோலும் ஒரே விகிதத்தில் சேர வேண்டும். உள்ளே காற்று கூடினால் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் கூட்டும், சக்தியும் கூடும். அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு நாம் நம் டீசல் வண்டியின் அடியில் படுக்கிறோம்.

டீசலில் சக்தியைத் தீர்மானிப்பது காற்றில்லை, டீசல்தான். டர்போ டீசல் இன்ஜினுக்குள் எரிவதற்குத் தேவையானதைவிட எப்போதும் கூடுதல் காற்று இருக்கிறது. பின்பக்கம் எவ்வளவு திறந்துவிட்டாலும், இன்ஜெக்டர் அதே அளவு டீசலைத்தான் தெளிக்கப்போகிறது. கம்ப்யூட்டர் உள்ள காமன் ரெயில் வண்டி இன்னும் ஒரு படி மேலே போகும். டர்போ எவ்வளவு அழுத்தம் தர வேண்டும் என்பது அதன் நினைவில் எழுதியிருக்கிறது. புகை சுலபமாகப் போய் டர்போ கொஞ்சம் வேகமாகச் சுழன்றால், கம்ப்யூட்டர், புகையில் ஒரு பங்கை டர்போவைத் தவிர்த்து அனுப்பும் வேஸ்ட்கேட்டைத் திறந்து பழைய அளவுக்கே கொண்டுவந்துவிடும். கீழ்ச் சுற்றில் டர்போ சற்று முன்னதாக எழும், உண்மை. 1500-லிருந்து 1800 சுற்றுக்குள் மிதித்துப் பார்த்தால் மென்மையாக ஒரு மாற்றம் தெரியலாம். ஃப்ரீ ஃப்ளோவால் டீசல் வண்டிக்குக் கிடைக்கும் நேர்மையான பலன் இது ஒன்றே.

அப்படியானால் "போட்டேன், பறக்குது" என்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. சைலன்சர் மாற்றிய அதே நாளில் பட்டறையில் வேறு என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். பழைய வண்டியானால் பம்பின் திருகைக் கால் சுற்று ஏற்றியிருப்பார்கள். புதிய வண்டியானால் கம்ப்யூட்டரில் கை வைத்திருப்பார்கள். இழுவை வந்தது அந்தக் கூடுதல் டீசலால்; பெயர் வாங்கியது சைலன்சர். அந்த டீசல் முழுதாக எரியாவிட்டால் கரும்புகையாகப் போகும். முழுதாக எரிந்தால் சூடு ஏறும். மலையேற்றத்தில் இருபது நிமிடம் அந்தச் சூட்டில் ஓடினால் பிஸ்டன் தலையும் ஹெட் கேஸ்கெட்டும் டர்போவும் விலை கொடுக்கும். லோடு வண்டியில் பம்பைத் திருகுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

சின்னப் பெட்ரோல் வண்டிகளுக்கு வருவோம். மாருதி சூப்பர் கேரியின் 1.2 லிட்டர், டாடா ஏஸின் 694 சிசி பெட்ரோல் போன்றவை. இவற்றில் டர்போ கிடையாது. ஒரு சிலிண்டரிலிருந்து பாய்ந்து வெளியேறும் புகை, தனக்குப் பின்னால் ஒரு வெற்றிடத்தை இழுத்துக்கொண்டு போகும். அந்த உறிஞ்சலில் சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையும் வெளியே வரும். இதற்குக் குழாயில் வேகம் வேண்டும். "இன்ஜினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் இருக்கணும்" என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வார்கள். அவர்கள் கண்டது சரி, கொடுத்த பெயர்தான் தவறு. இன்ஜினுக்கு எதிரழுத்தம் எந்நாளும் வேண்டாம், வேண்டியது புகையின் வேகம். அளவுக்கு மீறிப் பெரிய குழாய் போட்டால் வேகம் செத்துவிடும். மேல் சுற்றில் ஏதோ கிடைக்கலாம். லோடு வண்டிக்கு உயிரான கீழ்ச் சுற்று இழுவை போய்விடும். பெட்டிக்கடைக்குத் தண்ணீர் கேன் போடும் வண்டி நாள் முழுக்க ஓடுவது அந்தக் கீழ்ச் சுற்றில்தான்.

டர்போ வண்டியில் இந்த உறிஞ்சல் கதை டர்போவுக்குப் பின்னால் பொருந்தாது. அங்கே குழாய் எவ்வளவு தாராளமோ அவ்வளவு நல்லது. ஆனால் டர்போவுக்கு முன்னால் உள்ள மேனிஃபோல்டைத் தொடாதீர்கள். குட்டையாக, குறுகலாக, கனமான வார்ப்பிரும்பில் செய்திருப்பது, சூடும் வேகமும் குறையாமல் புகை டர்போ சக்கரத்தில் போய் மோத வேண்டும் என்பதற்காகத்தான்.

என் வண்டியில் நடந்தது

நான் வைத்திருந்தது பி.எஸ். 3 காலத்துப் பழைய பிக்கப். ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளி ஏற்றிக்கொண்டு பாலக்காட்டுக்குப் போய்வருவேன். ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு வண்டி சோர்ந்தது. வழக்கமாக நான்காவது கியரில் ஏறும் மேம்பாலங்களில் மூன்றுக்கு இறங்க வேண்டியிருந்தது. ஒரு பட்டறையில் சொன்னதைக் கேட்டு, சைலன்சர் டப்பாவை அறுத்துவிட்டு நேர்க்குழாய் போட்டேன். முதல் நாள் வண்டி சிங்கம்போல் உறுமியது. இழுவை வந்துவிட்டது என்றே நினைத்தேன். மூன்றாம் நாள் அதே மேம்பாலத்தில் அதே மூன்றாவது கியர். கடிகாரத்தைப் பார்த்தபோது முன்பு ஆன அதே நேரம்தான் ஆனது. சத்தம் என் காதை ஏமாற்றியிருந்தது.

கடைசியில் கண்டுபிடித்தவர் வேறொரு வயதான மெக்கானிக். வண்டியின் அடியில் அவர் படுக்கவே இல்லை. பானெட்டைத் திறந்து, டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸை விரலால் தடவிக்கொண்டே வந்தார். ஒரு வளைவின் அடிப்பக்கத்தில் விரல் நின்றது. எடுத்துக் காட்டினார்: எண்ணெய்ப் பிசுக்கு, அதன்மேல் மாவுபோல் ஒட்டிய தூசி. "தம்பி, கொஞ்சம் மிதிங்க" என்றார். மிதித்தேன். ஹோஸ் விறைத்ததும், மூடிய கண் திறப்பதுபோல் ஒரு விரற்கடை நீளத்துக்கு வெடிப்பு விரிந்தது; காற்று உஸ்ஸென்று பீறிட்டது. மிதியை விட்டதும் மூடிக்கொண்டது. நின்றிருக்கும் வண்டியில் யார் பார்த்தாலும் தெரியாத வெடிப்பு அது. டர்போ பிடித்த காற்றெல்லாம் அந்த வழியே போய்க்கொண்டிருந்தது. ஹோஸை மாற்றிய அன்றே இழுவை திரும்பியது.

அந்த அனுபவத்துக்குப் பிறகு எந்த வண்டிக்கும் இந்த வரிசையைத்தான் சொல்கிறேன். முதலில் ஏர் ஃபில்டர். செங்கல் சூளை, கல் குவாரிப் பக்கம் ஓடும் வண்டிக்குக் கம்பெனி சொன்ன கிலோமீட்டரில் பாதியிலேயே மாற்ற வேண்டியிருக்கும். அடுத்து மேலே சொன்ன ஹோஸ்களும் கிளாம்புகளும். பிறகு டீசல் ஃபில்டர். அதன்பின் மேனிஃபோல்டு. ஹெட்டும் மேனிஃபோல்டும் சேரும் இடத்தில் கரிக்கோடு விழுந்திருந்தால் அங்கே பேக்கிங் போய்விட்டது என்று பொருள். காலையில் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது டிக் டிக் என்று கேட்கும், சூடேறியதும் உலோகம் விரிந்து சத்தம் மறையும். டர்போவுக்குப் போக வேண்டிய புகை அங்கே கசிந்தால் இழுவை நிச்சயம் போகும். இவையெல்லாம் சரியாக இருந்த பிறகுதான் சைலன்சர்.

சைலன்சர் அடைப்பையும் ஊகத்துக்கு விடாதீர்கள். வண்டி நன்றாக ஆறிய பிறகு ரப்பர் சுத்தியலால் டப்பாவை மெல்லத் தட்டுங்கள். உள்ளே தகடு கழன்று ஆடினால் கலகலவென்று கேட்கும். கழன்ற தகடு குறுக்கே விழுந்து வழியை மூடுவது உண்டு. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் டெயில் பைப்புக்குள் குளவி மண்கூடு கட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். இரட்டைச் சுவர்க் குழாய்களில் வெளிச்சுவர் புத்தம் புதிதாகத் தெரியும், உள்சுவர் உப்பிக் குறுகியிருக்கும். சந்தேகம் தீர ஒரே வழி அளப்பதுதான். டப்பாவுக்கு முன்னால் குழாயில் ஒரு நட்டை வெல்டு செய்து, நீளமான செப்புக் குழாய் வழியாக ஒரு சிறிய அழுத்தமானியை இணைத்துக் கேபினுக்குள் கொண்டு வாருங்கள். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, லோடோடு மூன்றாவது கியரில் ஏற்றத்தில் முழுதாக மிதியுங்கள். முள் 10 கிலோபாஸ்கலைச் சுற்றி நின்றால் சைலன்சர் மேல் குற்றமில்லை. 30, 40 என்று ஏறினால் அடைப்பு இருக்கிறது. அளந்து முடித்ததும் நட்டுத் துளையை போல்ட் போட்டு மூடிவிடுங்கள்.

சத்தம்

நேர்க்குழாய் போட்ட வண்டியில் நான்கு மாதம் ஓட்டியவன் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். நான்கு சிலிண்டர் இன்ஜின் 2000 சுற்றில் ஓடும்போது வினாடிக்கு 67 தடவை புகையை வெடித்துத் தள்ளுகிறது. நான்குவழிச் சாலையில் ஐந்தாவது கியரில் மணிக்கணக்காக இருக்கும் சுற்று அது. அந்தத் தாழ்ந்த அதிர்வை அடக்கத்தான் டப்பாவுக்குள் அறைகள் இருக்கின்றன. அதை எடுத்துவிட்டால் கேபின் கூரையும் கதவுத் தகடும் சேர்ந்து ஹூம் என்று முனக ஆரம்பிக்கும். வெளியே நிற்பவருக்குக் கம்பீரம். உள்ளே இருப்பவருக்குத் தலைக்குள் வண்டு. இரவு இரண்டு மணிக்கு லோடோடு வரும் ஓட்டுநரின் களைப்பை அது எவ்வளவு கூட்டும் என்பது அனுபவித்தால்தான் தெரியும். தினமும் எட்டு மணி நேரம் 85 டெசிபலுக்கு மேல் கேட்டால் காது நிரந்தரமாகக் கெடத் தொடங்கும். டெசிபல் கணக்கில் மூன்று கூடினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு.

மருத்துவமனை, பள்ளிக்கூடம், விடிகாலைத் தெரு வழியாகவும் நம் வண்டி போகிறது. பால் வண்டியும் காய்கறி வண்டியும் ஊர் தூங்கும் நேரத்தில்தான் ஓடுகின்றன.

பி.எஸ். 6 வண்டி

2020 ஏப்ரல் 1 முதல் விற்கும் எல்லா வண்டிகளும் பி.எஸ். 6. டீசல் பிக்கப்பில் கேட்டலிடிக் கன்வெர்ட்டரோடு கரித்துகளைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டியும் சேர்ந்தது. சேரும் கரியை அவ்வப்போது 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி எரித்துச் சாம்பலாக்கும் வேலையைக் கம்ப்யூட்டரே செய்கிறது. வடிகட்டியின் இருபக்கமும் அழுத்தத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது, சூட்டை அளக்கும் சென்சார்கள் இருக்கின்றன. குழாயில் எங்காவது கைவைத்து அந்தக் கணக்குக் குலைந்தால் டேஷ்போர்டில் விளக்கு எரியும். பிடிவாதமாக ஓட்டினால் கம்ப்யூட்டர் சக்தியைக் குறைத்து நடைவண்டியாக்கிவிடும். இழுவைக்காகச் செய்த வேலை இருந்த இழுவையையும் பறித்துக்கொள்ளும்.

"ஃபில்டர்தான் இன்ஜினை அமுக்குது, எடுத்துட்டா பழைய வண்டி மாதிரி ஓடும்" என்பதற்கு ஒரு பதில் உண்டு. இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் பி.எஸ். 4-ல் 2.5 லிட்டர் இன்ஜினோடு வந்தபோது 134 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர் தந்தது. பி.எஸ். 6-ல் 1.9 லிட்டராகச் சுருங்கி, டி.பி.எஃப்.-ஐயும் சுமந்துகொண்டு 163 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர் தருகிறது. வடிகட்டியோடு சேர்த்து வடிவமைத்த இன்ஜினுக்கு வடிகட்டி பாரமில்லை.

டி.பி.எஃப். அடைக்கிறது என்றால் பெரும்பாலும் காரணம் ஓட்டும் விதம். தினமும் ஊருக்குள் நான்கு கிலோமீட்டர், ஐந்து கிலோமீட்டர் என்றே ஓடும் வண்டியில் குழாய் சூடேறுவதே இல்லை. கரி எரிய வாய்ப்பில்லை. வாரத்துக்கு ஒருமுறை நெடுஞ்சாலையில் அரை மணி நேரம், 2000 சுற்றுக்குக் குறையாமல் ஓட்டுங்கள். சுத்திகரிப்பு நடக்கும்போது பாதியில் இன்ஜினை நிறுத்தாதீர்கள். குறிப்பிட்ட தரத்து இன்ஜின் ஆயில் மட்டும் ஊற்றுங்கள்; வேறு ஆயிலின் சாம்பல் வடிகட்டியில் தங்கினால் எரித்தாலும் போகாது.

அமெரிக்காவில் இந்த வடிகட்டிகளைக் கழற்றும் வியாபாரம் எவ்வளவு தூரம் போனது என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-ல் கணக்கிட்டது. சுமார் பத்தாண்டுகளில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகளில் மாசுக்கட்டுப்பாட்டு உறுப்புகள் நீக்கப்பட்டிருந்தன. அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் வண்டிக்காரரின் பிள்ளைகளும்தான். நம் பிக்கப்பின் பின்னால் மூட்டைமேல் உட்கார்ந்து வரும் சுமைதூக்கும் தொழிலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். அவரை அங்கே ஏற்றுவதே கூடாது, ஏற்றுகிறோம், டெயில் பைப்புக்குச் சில அடி தூரத்தில் அவர் முகம் இருக்கிறது.

சட்டம்

சுருக்கமாக. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம்வரை சிறை அல்லது இரண்டும். சத்தம், புகை விதியை மீறி ஓட்டினால் 10,000 ரூபாய்வரை அபராதம் அல்லது மூன்று மாதம்வரை சிறை அல்லது இரண்டும், லைசென்சும் மூன்று மாதம் முடங்கும். எஃப்.சி. எடுக்கப் போகும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் கண்ணில் முதலில் படுவதும் இதுவே. விபத்தானால் இன்ஷூரன்ஸ்காரர் கேட்கும் கேள்விகளில் ஒன்று கூடும்.

பழையது ஓட்டையாகிவிட்டால்

மாற்றித்தான் ஆக வேண்டிய நேரமும் வரும். கடலோர ஊர்களில் ஓடும் வண்டியில் சாதா இரும்புச் சைலன்சர் உப்புக்காற்றில் அரித்துப்போகும். நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ மீன் ஏற்றும் வண்டியானால் ஐஸ் நீரும் சேர்ந்து இன்னும் சீக்கிரம். அப்போது முதல் தேர்வு அந்த மாடலுக்கே உரிய கம்பெனிச் சைலன்சர். பழைய மாடலுக்கு அது கிடைக்காமல் பட்டறையில் செய்ய நேர்ந்தால், அதே விட்டம், அதே அறை அமைப்பு, கன்வெர்ட்டர் இருந்தால் அதுவும் என்று கேட்டுச் செய்யுங்கள். 409 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதும். மேலே செம்பழுப்பாகும், ஆனால் ஓட்டை விழ நாளாகும். கடலோர வண்டிக்கு 304 ரகம்.

வளைவுகளைக் கூர்ந்து பாருங்கள். குழாயை வெறுமனே மடக்கினால் உள்வளைவில் சுருக்கம் விழும். அந்த இடத்தில் இரண்டரை அங்குலம் இரண்டாகிவிடும். உள்ளே மணலை இறுக நிரப்பிச் சூடேற்றி வளைப்பது பழைய முறை, நல்ல முறை. வளைத்த பிறகு மணலைச் சுத்தமாகத் தட்டி எடுத்தார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

குழாயைச் சேஸிஸில் நேரடியாக வெல்டு செய்ய விடாதீர்கள். இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் ஆடும், சேஸிஸ் ஆடாது. இரண்டுக்கும் நடுவே மாட்டிய குழாய், ஆட்டத்தை மேனிஃபோல்டுக்குக் கடத்தி அங்கே கீறல் விழவைக்கும். ஃப்ளெக்சிபிள் பைப்பும் சைலன்சர் ரப்பர்களும் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். பிரேக் லைன், டீசல் டேங்க், ஸ்டெப்னி ஆகியவற்றுக்கும் குழாய்க்கும் நடுவே கை நுழையும் இடைவெளி இருக்கட்டும். இருந்த வெப்பத்தடுப்புத் தகட்டைத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். செலவைக் குறைக்கக் குழாயைக் கேபினுக்கு அடியிலேயே முடித்துவிடுவது உண்டு. செய்யவே கூடாது. மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு தரை ஓட்டைகள் வழியே உள்ளே ஏறும். குழாயின் வாய் மேல்நோக்கியோ லோடு பக்கமோ பார்க்கக் கூடாது. அறுவடைக் காலத்தில் வைக்கோல் ஏற்றும் வண்டிகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை. காய்ந்த வைக்கோல் தொங்கி வந்து சூடான குழாயைத் தொட்டால், பின்னால் வரும் வண்டிக்காரர் கத்திச் சொல்லும்வரை ஓட்டுநருக்குத் தெரியாது.

மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒரு சோதனை ஓட்டம் செய்துவிடுங்கள். ஆளில்லாத ஒரே நேர்ச்சாலை, ஒரே எடை, டயரில் ஒரே காற்று. மூன்றாவது கியரில் 30 கிலோமீட்டரிலிருந்து முழுதாக மிதித்து 60 வர எத்தனை நொடி என்று, பக்கத்தில் இருப்பவர் மீட்டரைச் செல்போனில் வீடியோ எடுக்கட்டும். காற்று ஒரு பக்கம் தள்ளும் என்பதால் போக ஒருமுறை, வர ஒருமுறை. இப்படி மூன்று தடவை. மைலேஜுக்கு, டேங்க்கை வாய்வரை நிரப்பி, 300 கிலோமீட்டராவது ஓட்டி, அதே பங்கில் அதே பம்பில் மறுபடி நிரப்புங்கள். இழுவையில் காதை நம்ப வேண்டாம், வீடியோவில் உள்ள நொடிகளை நம்புங்கள்.

வேலை முடிந்ததும் இன்ஜினை ஐடிலில் விட்டு, கையுறை போட்டுக்கொண்டு துணியால் குழாயின் வாயை ஒரு கணம் மறைத்து, ஒவ்வொரு வெல்டிலும் ஃபிளாஞ்சிலும் சோப்புத் தண்ணீர் ஊற்றுங்கள். நுரை எழும் இடம் கசியும் இடம். குழாய் சூடேறுவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும். புது பேக்கிங் இரண்டு மூன்று முறை சூடேறி ஆறியதும் அமுங்கி, நட்டுகள் தளரும். 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு, வண்டி ஆறியிருக்கும் காலையில் எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்குங்கள். கழற்றிய கம்பெனிச் சைலன்சரைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதன் முன் ஃபிளாஞ்சும் பிராக்கெட்டுகளும் கெடாமல் இருந்தால், அடுத்த முறை உங்கள் மாடலுக்குச் சரியான அளவில் சைலன்சர் செய்ய அதைவிட நல்ல மாதிரி கிடைக்காது.